சாண்டோ சொல்லாமல் சொன்ன அளவுக் கணக்கு

நம் ஊர்ப் பக்கம் கொஞ்சம் புஜபலம் காட்டுகிற ஆளைப் பார்த்தால் என்ன சொல்வோம்? பெரிய சாண்டோன்னு நினைப்பு அவனுக்கு என்போம். கோவை இராமநாதபுரத்தில் 1915-ல் பிறந்து, உடற்பயிற்சியில் பெயரெடுத்து, பிறகு 1956-ல் தேவர் பிலிம்ஸ் தொடங்கி யானையையும் பாம்பையும் நடிக்க வைத்தாரே சின்னப்பா தேவர், அவர் பெயருக்கு முன்னாலும் ஒரு சாண்டோ உண்டு. அது பட்டமா, ஊர்ப் பெயரா, சாதிப் பெயரா என்று நம் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி பெரிய விவாதமே நடந்தது. எதுவும் இல்லீங்க. அது ஒரு மனுஷனின் பெயர். அந்த மனுஷனின் கதையைத்தான் இந்த ஆண்டு மலரில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜிம் செயலாளர் பதவிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் நீங்கள். கதையோடு கதையாக ஒரு பெல்ட் விஷயமும் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூஜென் சாண்டோ 1867 ஏப்ரல் 2-ஆம் தேதி, அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். பெற்றோர் வைத்த பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் மியுல்லர். வாலிப வயதில் ராணுவச் சேவையிலிருந்து தப்பிக்க ஊரை விட்டுக் கிளம்பியவர், சர்க்கஸ், மேடை வித்தை என்று ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். கையில் காசில்லை, உடம்பு மட்டும்தான் மூலதனம். பிரஸ்ஸல்ஸ் நகரில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். லூயி டுர்லாக்கர் என்று பெயர். பேராசிரியர் அட்டிலா என்றால்தான் அன்றைய உலகுக்குத் தெரியும். முரட்டுத்தனமாகத் தூக்கிக்கொண்டிருந்த பையனுக்கு, முறையாகத் தூக்குவது எப்படி என்று காட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

1889-ல் லண்டன். அங்கே சாம்சன் என்று ஒரு பலசாலி, மேடையில் தினமும் சவால் விட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் போலச் செய்து காட்டுபவருக்குப் பணமுடிப்பு என்று அறிவிப்பு. சாம்சனின் பிரமாதமான வித்தை என்னவென்றால், கையில் ஒரு சங்கிலி வளையத்தை மாட்டிக்கொண்டு, புஜத்தை முறுக்கி அதை அறுத்துவிடுவார். சாண்டோ மேடை ஏறினார். முதலில் சீடனோடு போட்டி, அதில் ஜெயம். அடுத்து குருவோடு. வளையம் அறுக்கும் கட்டம் வந்தது. சாம்சனின் வளையங்கள் சாம்சன் கைக்கு அளவெடுத்துச் செய்தவை. சாண்டோ கையில் ஏறவே ஏறாது. அந்தத் தைரியத்தில்தான் சாம்சன் நின்றுகொண்டிருந்தார்.

ஆனால் சாண்டோ முன்னாடியே விசாரித்து வைத்திருந்தார். சாம்சனுக்கு வளையம் செய்து கொடுத்த அதே கடையைத் தேடிப்போய், தன் புஜத்தின் சுற்றளவைக் கொடுத்து ஒரு ஜோடி செய்து வாங்கிப் பையில் வைத்திருந்தார்! எடுத்தார், மாட்டினார், அறுத்தார். பிற்காலத்தில் தம் புத்தகத்தில் அவரே இதை விவரமாக எழுதியிருக்கிறார். ஒரே ராத்திரியில் லண்டன் முழுக்க அவர் பெயர்தான்.

இயந்திரவியல் நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமென்றால் லிமிட்ஸ் அண்டு ஃபிட்ஸ் பார்க்க வேண்டும் என்று நம் வாத்தியார் தொண்டை வறளச் சொல்லித் தருகிறாரே, சாண்டோ செய்ததும் அதுதான். இருவருக்கும் பலம் இருந்தது. தன் அளவு தெரிந்து கருவியோடு வந்தவன் ஜெயித்தான்.

பிறகு அமெரிக்கா. 1893-ல் சிகாகோவில் உலகப் பொருட்காட்சி நடந்த சமயம், பிளோரன்ஸ் சீக்ஃபெல்டு என்ற இளைஞர் சாண்டோவைத் தம் அரங்கில் நிறுத்தினார். வெறும் எடையைத் தூக்குவதைவிட, தசை அசைவதைப் பார்க்கத்தான் கூட்டம் அலைமோதுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர். அதே 1893-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டாக்டர் டட்லி சார்ஜெண்ட், சாண்டோவின் உடம்பை அங்குலம் அங்குலமாக அளந்து ஆராய்ந்தார். 1894-ல் எடிசனின் ஸ்டூடியோவில் அவர் தசைகளை முறுக்கிக் காட்டுவதைப் படம் பிடித்தார்கள். சினிமா பிறந்த காலத்து ஆரம்பத் துண்டுப் படங்களில் அதுவும் ஒன்று. நம்ம சாண்டோ எம்.ஜி.ஆருக்கெல்லாம் முன்னாலேயே திரையில் வந்துவிட்டார்! அதே ஆண்டு பிளான்ச் என்ற இங்கிலாந்துப் பெண்ணை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள்.

1897-ல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் திறந்தார். அடுத்த வருடமே உடற்பயிற்சிக்கென்று ஒரு பத்திரிகை. தபால் மூலமும் பாடம் நடத்தினார். இதில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. எல்லோருக்கும் ஒரே பாடம் கிடையாது. வயது என்ன, ஆணா பெண்ணா, உடம்பு எப்படி என்று பார்த்து வெவ்வேறு பயிற்சி அட்டவணை. அவர் விற்ற டம்பெல்லைப் பாருங்கள்: இரண்டு பாதியாக இருக்கும், நடுவில் ஸ்பிரிங். கையால் இறுக்கிப் பிடித்தபடியே பயிற்சி செய்ய வேண்டும். பலம் கூடக்கூட ஸ்பிரிங்கைக் கூட்டிக்கொள்ளலாம். ஆள் கருவிக்காக வளைய வேண்டாம், கருவி ஆளுக்காக மாறட்டும். இதுதானே பொறியியல்?

1901 செப்டம்பர் 14-ஆம் தேதி, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பெரிய உடலழகுப் போட்டி ஒன்றை நடத்தினார். நடுவர்களில் ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில்! பெரிய புஜம் இருப்பவனுக்குத்தான் பரிசு என்று வந்தவர்கள் ஏமாந்தார்கள். உடம்பின் எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று பொருந்தி வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். நாட்டிங்ஹாம்காரர் வில்லியம் முர்ரே தங்கச் சிலையைத் தட்டிக்கொண்டு போனார். 1904-05-ல் சாண்டோ கீழ்த்திசைப் பயணம் வந்தபோது இந்தியாவிலும் மேடை ஏறினார். அன்று தொற்றிய காய்ச்சல்தான், நம் ஊரில் அவர் பெயரைப் பட்டமாக்கியது.

1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கே உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமனம். சாண்டோ பெயரில் கோகோ விற்றது. பெண்கள் இடுப்பில் இறுக்கிக் கட்டும் கார்செட்கூட விற்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் கோகோ வியாபாரம் நொடித்துப் போனது. உடம்பை அளந்த கை, கடனை அளக்கத் தவறியதோ என்னவோ!

கார்செட் என்றதும் ஞாபகம் வருகிறது, பெல்ட்டுக்கு வருகிறேன். நம் ஜிம்மில் ஆணியில் ஒரு பெல்ட் தொங்குகிறதே, அதை எல்லோரும் கார்செட் மாதிரி நினைத்துத்தான் மாட்டுகிறோம். மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் இடுப்பு பத்திரம் என்று எண்ணம். அது தப்புக் கணக்கு. சைக்கிள் ட்யூபை டயர் இல்லாமல் காற்றடித்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். டயருக்குள் இருந்தால் கிண்ணென்று நிற்கும், ஆளைத் தாங்கும். மூச்சை வயிறு வரைக்கும் இழுத்து, வயிற்றுத் தசையை முன்னும் பக்கமும் பின்னும் வெளியே தள்ளும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம்தான் முதுகெலும்புக்கு முட்டுக்கொடுக்கிறது. பெல்ட் வெறும் டயர். காற்று நீங்கள் அடிக்க வேண்டும். தள்ள இடமே இல்லாமல் இறுக்கினால் பெல்ட் கட்டியும் பயனில்லை. கட்டிய பிறகு உள்ளே ஒரு விரல் நுழைகிற அளவு இருந்தால் சரி.

சரி, வாங்குவது எப்படி? பேண்ட் சைஸைச் சொல்லி வாங்காதீர்கள். பேண்ட் நிற்பது இடுப்பெலும்பின் மேல், பெல்ட் உட்காருவது தொப்புள் மட்டத்தில். பனியனோடு நின்று, வயிற்றை எக்காமல், தொப்புளைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அந்த அளவு பெல்ட்டின் நடு ஓட்டையில் விழ வேண்டும். பரீட்சை நேரத்தில் இளைத்தாலும், தீபாவளிக்குப் பிறகு பெருத்தாலும் இருபக்கமும் ஓட்டை மிச்சமிருக்கும்.

அடுத்தது அகலம். பவர்லிஃப்டிங் சர்வதேச விதிப்படி அதிகபட்சம் 10 சென்டிமீட்டர் அகலம், 13 மில்லிமீட்டர் தடிமன். ஒலிம்பிக் பளுதூக்குதலில் 12 சென்டிமீட்டர் அகலம் வரை அனுமதி. ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதற்காக உங்கள் உடம்பு அனுமதிக்குமா? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பக்கவாட்டில் எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். குட்டை உடம்புக்காரர்களுக்கு அந்த இடம் குறைவு. 10 சென்டிமீட்டர் பெல்ட்டோடு ஸ்குவாட்டில் கீழே உட்கார்ந்தால் மேலே விலாவில் இடிக்கும், கீழே எலும்பைக் கிள்ளும். அவர்களுக்கு ஏழரை சென்டிமீட்டர் போதும்.

மூன்றாவது, நீங்கள் செய்கிற பயிற்சி. ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் பிரதானம் என்றால் சுற்றிலும் ஒரே அகலமுள்ள தோல் பெல்ட். முன்பக்க வயிறும் தள்ளுவதற்குச் சுவர் வேண்டுமல்லவா? பெரும்பாலோருக்கு 10 மில்லிமீட்டர் தடிமனே தாராளம். ஸ்னாட்ச், கிளீன் அண்டு ஜெர்க் செய்பவர்களுக்கு உடம்பு மடங்க வேண்டும். முன்பக்கம் குறுகிய பெல்ட்டோ, ஒட்டும் பட்டை வைத்த நைலான் பெல்ட்டோ நல்லது. லீவர் வைத்த பெல்ட் பட்டென்று கழற்ற வசதிதான். ஆனால் அளவு மாற்ற ஸ்க்ரூ டிரைவர் தேட வேண்டும். பத்துப் பேர் மாற்றி மாற்றிக் கட்டுகிற நம் ஜிம்முக்கு அது ஒத்துவராது, ஊசி வைத்த பக்கிள்தான் சரி.

முதலாமாண்டுத் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. முதல் சில மாதம் பெல்ட்டே வேண்டாம். வெறும் உடம்போடு மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறமும், கனமான கடைசி செட்டுகளுக்கு மட்டும் போதும். பைசெப்ஸ் அடிக்கப் பெல்ட் கட்டுவது கண்ணாடிக்காகக் கட்டுவது! ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மூச்சடக்கித் தூக்கவே கூடாது.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம் உண்டு. யூனியன் நிதியில் ஜிம்முக்குப் பெல்ட் வாங்க இந்த வருடம் ஒப்புதல் கிடைத்தது. வந்த கொட்டேஷனில் பன்னிரண்டு பெல்ட், பன்னிரண்டும் ஒரே சைஸ். மொத்தமாக எடுத்தால் விலை குறைவாம். செயற்குழுவில் பாதிப் பேர் சரி என்றார்கள். நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். நம் ஜிம்முக்கு வருகிற சிவில் பிரிவு நண்பர் ஒருவருக்கு இடுப்பு 26 அங்குலம்; எலெக்ட்ரிகல் அண்ணன் ஒருவருக்கு 42. சென்ற ஆண்டிலிருந்து வரத் தொடங்கிய தங்கைகள் நான்கு பேர் அந்த ஆணிப் பெல்ட்டின் கடைசி ஓட்டையிலும் அடங்காமல், அது இல்லாமலேயே தூக்குகிறார்கள். ஒரே அளவு என்றால் அது யாரோ ஒருவருக்கான அளவு. சாம்சனின் வளையம் மாதிரி. மற்றவர்கள் மேடைக்கு வராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

கடைசியில் முடிவானது இதுதான்: எட்டே பெல்ட், நான்கு அளவு, இரண்டு அகலம். எண்ணிக்கை குறைந்ததில் சிலருக்கு என் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. இருக்கட்டும். ஒரு பெல்ட்டுக்கு இரண்டு பேர் காத்திருப்பது, பொருந்தாத பெல்ட்டில் ஒருத்தர் முதுகை விடுவதைவிட மேல்.

சாண்டோ 1925 அக்டோபர் 14-ஆம் தேதி லண்டனில் காலமானார். வயது 58-தான். பள்ளத்தில் இறங்கிய காரைத் தனியாளாகத் தூக்கினார், அதனால் வந்த வினை என்று ஒரு கதை அன்றே பரவியது. இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வீங்கி வெடித்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. உலகத்துக்கே உடம்பை அளக்கக் கற்றுக்கொடுத்தவரின் உடம்புக்குள், டேப்பால் அளக்க முடியாத ஓர் இடம் பலவீனமாக இருந்திருக்கிறது. பட்னி வேல் இடுகாட்டில் அவர் கல்லறைக்கு ரொம்ப காலம் ஒரு பெயர்க்கல்கூட இல்லை. ஆனால் 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வெல்பவர் கையில் கொடுக்கப்படுவது சாண்டோவின் உருவச் சிலை.

புதுப் பெல்ட்டுகள் ஜிம் அலமாரியில் அளவு எழுதி அடுக்கியிருக்கின்றன. டேப் ஒன்றும் பக்கத்திலேயே தொங்குகிறது. முதலில் டேப்பை எடுங்கள், அப்புறம் பெல்ட்டை எடுங்கள். பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டுப் போங்கள், புண்ணியமாகப் போகும்!

— ஜிம் செயலாளர், மாணவர் பேரவை
மூன்றாமாண்டு, இயந்திரவியல்