இலத்திரன் ஏன் கருவில் விழவில்லை? – பேராசிரியர் எலியேசர்

சாட்டிக் கடற்கரையில் பிள்ளைகள் அள்ளி விளையாடும் மணலில் ஒரு மணியை எடுத்துக்கொள்வோம். நேற்று இருந்தபடியே அது இன்றும் இருக்கிறது. இதில் என்ன புதினம் என்று கேட்கலாம். ஆனால் அம்மணி ஏன் நிலைத்து நிற்கிறது என்பது விஞ்ஞானிகளைப் பல்லாண்டுகள் திணறவைத்த கேள்வி. அக்கேள்வியோடு மல்லுக்கட்டியவர்களுள் ஒருவர் எங்கள் வட பகுதியின் மைந்தர், பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர்.

1918ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி பிறந்த இவர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிஜில் உள்ள கிறைஸ்ற் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் நோபல் பரிசு பெற்ற போல் டிராக்.

அந்நாட் கேள்வியைச் சற்று விளங்கிக்கொள்வோம். அணுவின் நடுவே கரு உண்டு என்று 1911இல் ரதர்போட் காட்டினார். கருவினுள் புரோத்தன்களும் நியூத்திரன்களும் நெருங்கி இருக்கின்றன. நேரேற்றமுள்ள புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளினாலும், மிகக் குறுகிய தூரத்திலே மட்டும் செயற்படும் வலிய விசை ஒன்று அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது. கரு பருத்தால் அக்கட்டுத் தளரும். ஈயத்துக்கு மேற்பட்ட மூலகங்களில் என்றென்றும் நிலைக்கும் கரு ஒன்றேனும் இல்லை.

கருவுக்கு வெளியே இலத்திரன் சுற்றுகிறது. பழைய பௌதிகவியலின்படி, சுற்றும் இலத்திரன் கதிர்வீசிச் சக்தியை இழந்து, ஒரு செக்கனின் ஏறத்தாழப் பத்தாயிரங் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் கருவில் விழுந்துவிட வேண்டும். அப்படியானால் மணலுமில்லை, கடலுமில்லை, நாமுமில்லை! 1913இல் போரும், பின்னர் சக்திச் சொட்டுப் பொறியியலும் இதற்கு விடை தந்தன. ஆயினும் பழைய கொள்கையையே செம்மைப்படுத்தலாமா என்று ஆராய்ந்த டிராக், இலத்திரனின் இயக்கத்துக்கு 1938இல் ஒரு புதிய சமன்பாடு வகுத்தார்.

அச்சமன்பாட்டை ஐதரசன் அணுவில் வைத்துப் பார்த்தார் எலியேசர். 1943இல் வெளியான முடிவு வியப்பானது. புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் வரும் இலத்திரன் அதைச் சென்றடையவே மாட்டாது. இடையில் நின்று, திரும்பி, மேலும் மேலும் ஆர்முடுகி அப்பால் ஓடிவிடும்! இயற்கையில் இப்படி நடப்பதில்லை. ஆகவே பழைய வழியைத் திருத்தியும் அணுவை விளக்க இயலாது என்பது தெளிவாயிற்று. இது இன்றும் எலியேசர் தேற்றம் என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆசானின் சமன்பாடு எங்கே இடறுகிறது என்பதை மாணவன் கணக்கிட்டுக் காட்டினான். இது குருநிந்தை அன்று. குருவுக்குச் செலுத்திய காணிக்கை. சரியான விடையைக் கண்டவரை உலகம் போற்றுகிறது. இந்த வழியாற் போக முடியாது என்று நிறுவுபவரும் அறிவுக்குப் பெருந்தொண்டு செய்பவரே.

பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கிய அவர், 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும், 1968இல் அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று பணியாற்றினார். கடல் கடந்த மண்ணிலும் தமிழ் மக்களின் சங்கங்களுக்குத் தலைமை தாங்கினார். 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் மெல்பேணிற் காலமானார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஏன், எதற்கு என்று கேட்கும்போது வாயை மூடு என்று அதட்டாதிருப்போம். பருத்தித்துறையிற் கணக்குப் படித்த பையன் ஒருவன் அணுவரை சென்றது அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான்.