யதீம் பிள்ளைகளின் கையில் தொழிலைக் கொடுத்த மித்ஹத் பாஷா

உதுமானியப் பேரரசின் வரலாற்றைப் படித்தவர்கள் மித்ஹத் பாஷாவை 1876ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தோடு சேர்த்தே அறிந்திருப்பார்கள். இரண்டு முறை தலைமை வஸீராக இருந்தவர் அவர். ஆனால் நம் சமுதாயம் அதிகம் பேசாத பணி ஒன்றும் அவருக்கு உண்டு. ஆதரவற்றுத் தெருவில் திரிந்த பிள்ளைகளைத் தொழில் தெரிந்த மனிதர்களாக ஆக்கிய பணி அது.

1822இல் இஸ்தான்பூலில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அஹ்மத் ஷஃபீக். தந்தை மார்க்கச் சட்டம் கற்று, நீதித்துறைப் பொறுப்புகளில் இருந்தவர். பிள்ளை சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிழ் ஆனார். பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்துப் பணி பழக அனுப்பப்பட்டார். மூத்த எழுத்தர்களின் அருகில் அமர்ந்து, பார்த்துப் பார்த்து வேலை கற்றார். மித்ஹத் என்ற பெயரும் அங்கே கிடைத்ததுதான். ஒரு சிறுவனை வேலைக்குத் தயார் செய்ய அவனுக்கு மேலே ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டிருந்தார்.

1858இல் பாரிஸ், லண்டன், வியன்னா நகரங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார். 1861இல், இன்று செர்பியாவில் இருக்கும் நிஷ் பகுதிக்கு ஆளுநராக நியமிக்கப்பட்டார்.

பசியாற்றினால் போதுமா?

நிஷ் அப்போது கலவரமும் கொள்ளையும் மிகுந்த எல்லைப் பகுதி. சாலைகள் போட்டு, பாலங்கள் கட்டி, காவலைச் சீர்செய்த ஆளுநரின் பார்வை தெருப் பிள்ளைகள் மீதும் விழுந்தது. தாய் தந்தையை இழந்தவர்கள், பிச்சை எடுப்பவர்கள், சிறு திருட்டுகளில் சிக்கியவர்கள் எனப் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒருவேளை உணவு கொடுத்து அனுப்புவது எளிது. மறுநாள் அவர்கள் அதே தெருவில்தான் நிற்பார்கள்.

1863இல் அவர் அங்கே ஓர் இல்லத்தைத் திறந்தார். அதற்கு இஸ்லாஹ்கானா என்று பெயர். யதீம்களின் நிலையைச் சீர்படுத்துவதே சிறந்தது என்று அறிவிக்கும் ஸூரத்துல் பகராவின் 220ஆம் வசனத்திலிருந்து எடுத்த பெயர் அது. முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் சேர்க்கப்பட்டார்கள். தங்க இடம், உணவு, உடையோடு எழுத்தும் கணக்கும் கற்பிக்கப்பட்டன. கூடவே தையல், காலணி செய்தல் போன்ற தொழில்களைக் கைதேர்ந்த உஸ்தாதுகள் பழக்கினார்கள்.

வேலைக்குச் சந்தையும் வேண்டும்

1864இல் டான்யூப் மாகாணம் உருவானபோது அதன் முதல் ஆளுநராக மித்ஹத் பாஷா பொறுப்பேற்றார். தலைநகர் ரூஸ்சுக், இன்றைய பல்கேரியாவின் ரூஸே. அதே காலத்தில்தான் ரஷ்யப் படைகளால் விரட்டப்பட்ட காக்கேசிய முஸ்லிம்கள் பெருந்திரளாக வந்து இறங்கினார்கள். ஆதரவற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது.

ரூஸ்சுக்கிலும் சோஃபியாவிலும் இஸ்லாஹ்கானாக்கள் எழுந்தன. ரூஸ்சுக்கில் மாகாண அச்சகமே பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கூடமாயிற்று. பெண் பிள்ளைகளுக்கும் அங்கே தனி இல்லம் அமைந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தொழிலைக் கற்றுக் கொடுத்ததோடு அவர் நிறுத்தவில்லை. பிள்ளைகள் தைத்த உடைகளையும் காலணிகளையும் படையினருக்கு வாங்கிக்கொள்ளச் செய்தார். பிள்ளைகள் பழகியது விளையாட்டுப் பொருளில் அல்ல. ஒருவர் உடுத்தப் போகும் துணியில். தையல் பிரிந்தால் பதில் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு அப்போதுதான் வரும். இல்லத்தை நடத்த நன்கொடைகளோடு கடை வாடகை போன்ற நிலையான வருமானங்களும் ஏற்படுத்தப்பட்டன. ஓர் ஆளுநர் மாறினால் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதல்லவா?

இந்த அனுபவத்தைக் கொண்டு 1867இல் இஸ்லாஹ்கானாக்களுக்கான சட்டதிட்டம் வகுக்கப்பட்டது. அதன் பின் இஸ்மிர் உள்ளிட்ட பல நகரங்களில் இத்தகைய இல்லங்கள் பரவின. 1868இல் இஸ்தான்பூலின் சுல்தான் அஹ்மத் பகுதியில் தொழிற்பள்ளி தொடங்கப்பட்டதிலும் அவருடைய பங்கு பெரிது. 1869 முதல் 1872 வரை பக்தாதில் ஆளுநராக இருந்தபோது அங்கும் தொழிற்பள்ளி ஒன்றை நிறுவினார்.

மனிதர் போனார், பணி நின்றது

அரசியல் அவரை உயரத்தில் வைத்திருக்கவில்லை. 1876 டிசம்பரில் அரசியல் சட்டம் அறிவிக்கப்பட்டது. 1877 பிப்ரவரியிலேயே பதவி பறிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பின்னர் திரும்பி வந்து சிரியாவையும் இஸ்மிரையும் ஆண்டார். 1881இல் சுல்தான் அப்துல் அஸீஸின் மரணத்திற்குக் காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்றார். அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, தாயிஃபுக்கு அனுப்பப்பட்டார். அங்கே சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்.

அவர் வகுத்த அரசியல் சட்டம் 1878இல் கிடப்பில் போடப்பட்டு, முப்பது ஆண்டுகள் செயலற்றுக் கிடந்தது. தொழிற்பள்ளிகளோ அவருக்குப் பின்னும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தன.

நம் மஹல்லாக்களிலும் பள்ளிப் படிப்பை விட்டுவிடும் நிலையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டணம் செலுத்தி உதவுவது நல்ல அமல்தான். அதோடு தொழில் தெரிந்த ஒருவரை அந்தப் பிள்ளைக்கு வழிகாட்டியாக அமர்த்துவதும், கற்று முடித்தபின் நம் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை கொடுப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு ஜமாஅத்திலும் உள்ள வணிகர்கள் ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுக்கொண்டால்கூட அது நல்ல தொடக்கம். அல்லாஹ் அதற்கு நமக்கு அருள் புரிவானாக.