ஹென்ரியட்டா லாக்ஸ்: கேட்காமல் எடுத்த செல்லும் தொண்டைப் புற்றுநோயும்

1951 ஜனவரி. அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு 30 வயதுப் பெண் ஒருவர் வந்தார். உள்ளே ஏதோ கட்டி மாதிரி இருக்கு என்பதுதான் அவர் சொன்ன பிரச்னை. ஐந்து பிள்ளைகளின் தாய். கறுப்பினத்தவர் என்பதால் அவருக்குத் தனி வார்டு.

யார் இந்த ஹென்ரியட்டா?

1920-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். சிறுவயதிலேயே அம்மா இறந்துவிட, தாத்தா வீட்டில் வளர்ந்தார். படிக்க வேண்டிய வயதில் புகையிலை வயலில் வேலை.

என்னாச்சு?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. ரேடியம் சிகிச்சையின்போது கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் அப்போது இல்லை. 1951 அக்டோபர் 4 அன்று, 31 வயதில் ஹென்ரியட்டா இறந்தார்.

ஆனால் அந்த செல்கள் சாகவே இல்லை. சுமார் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே இருந்தன. 'ஹீலா' என்ற பெயரில் உலகம் முழுக்கப் போய், போலியோ தடுப்பூசி ஆய்வுக்கும் உதவின.

காரணம் என்ன?

பதில் 1980-களில் கிடைத்தது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்ட் ஸுர் ஹவுசனின் குழு, ஹீலா செல்லுக்குள் எச்பிவி-18 வைரஸின் மரபணுவைக் கண்டது. செல் கட்டுமீறி வளராமல் தடுக்கும் பி53, ஆர்பி என்ற இரண்டு 'பிரேக்'குகளை இந்த வைரஸின் இ6, இ7 புரதங்கள் செயலிழக்கச் செய்கின்றன. எச்பிவி-க்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்ததற்காக 2008-ல் ஸுர் ஹவுசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தொண்டைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எச்பிவி-16 என்ற இன்னொரு வகை, இதே வேலையை டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் செய்கிறது. சிகரெட், புகையிலைப் பக்கமே போகாதவர்களுக்கும் வரலாம். அமெரிக்காவில் இது பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். 2020-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எச்பிவி தடுப்பூசியின் பயன்களில் தலை, கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பையும் சேர்த்தது. பெண் பிள்ளைகளுக்கு மட்டுமான ஊசி இல்லை இது; வைரஸ் தொற்றும் முன், 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே சிறந்தது.

குடும்பத்துக்குத் தெரியுமா?

20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியாது. 1970-களில் ஆய்வாளர்கள் ரத்த மாதிரி கேட்டு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அம்மாவின் செல்களை விற்று நிறுவனங்கள் சம்பாதித்தன. பிள்ளைகளுக்கு மருத்துவக் காப்பீடுகூட சரியாக இல்லை. ஹென்ரியட்டாவின் சமாதிக்குப் பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டது 2010-ல்தான்.