டங்ஸ்டனுக்கு வழிகாட்டிய மருந்துக்கடைக்காரர்: யார் இந்த கார்ல் ஷீலே?

பந்திங்கில் டிக் வெல்டிங் செய்யும் பட்டறைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் அந்த வெளிச்சத்துக்கு நடுவே உருகாமல் நிற்கும் மெல்லிய கம்பிதான் டங்ஸ்டன். உலோகங்களிலேயே அதிக உருகுநிலை இதற்குத்தான்: 3,422 டிகிரி செல்சியஸ். பழைய குண்டு பல்பின் இழையும் இதுதான். இரும்பைத் துளைக்கும் கார்பைடு டிரில் முனையிலும் இது இருக்கிறது.

இந்த உலோகத்துக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் இல்லை. பல்கலைக்கழகப் பட்டமே வாங்காத ஒரு மருந்துக்கடைக்காரர்.

கடையில் கற்ற வேதியியல்

கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1742-ல் ஸ்ட்ரால்சுண்ட் நகரில் பிறந்தார். இன்று ஜெர்மனியில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஸ்வீடனின் ஆட்சியில் இருந்தது. வீட்டில் 11 பிள்ளைகள். 14 வயதில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகருக்கு, ஒரு மருந்துக்கடையில் தொழில் பழக அனுப்பப்பட்டார். பாடம் சொல்லித்தர ஆசிரியர் கிடையாது. புத்தகத்தில் படித்த சோதனைகளை, வேலை முடிந்ததும் தானே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டார்.

1775-ல், இன்னும் உதவியாளராக இருந்தபோதே, ஸ்வீடனின் அரச அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

பெயர் மட்டும் கிடைக்கலை

1770களின் தொடக்கத்திலேயே ஷீலே ஆக்சிஜனைத் தயாரித்துவிட்டார். ஆனால் அவருடைய புத்தகம் 1777-ல்தான் வெளிவந்தது. அதற்குள் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, 1774-ல் தனியாக அதே வாயுவைக் கண்டறிந்து, முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டார்.

குளோரினிலும் இதே கதைதான். 1774-ல் முதலில் தயாரித்தவர் ஷீலே. அது ஒரு தனிமம் என்று 1810-ல் சொல்லி, பெயர் வைத்தவர் ஹம்ஃப்ரி டேவி.

டங்ஸ்டன் எப்படி வந்தது?

ஸ்வீடனில் வழக்கத்துக்கு மாறாகக் கனமான ஒரு வெள்ளைக் கல் கிடைத்தது. ஸ்வீடிஷ் மொழியில் 'டங்ஸ்டன்' என்றால் கனமான கல். 1781-ல் ஷீலே அதை அமிலத்தில் சோதித்தபோது மஞ்சள் நிறத் தூள் ஒன்று கிடைத்தது. அதுவரை யாரும் அறியாத அமிலம் அது. அதற்குள் ஒரு புதிய உலோகம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது.

உலோகத்தையே பிரித்தெடுத்தவர்கள் ஸ்பெயினின் எல்ஹுயார் சகோதரர்கள், 1783-ல். வொல்ஃப்ரமைட் என்ற வேறொரு கனிமத்திலிருந்து கிடைத்த அதே அமிலத்தைக் கரியோடு சூடாக்கினார்கள். டங்ஸ்டனின் குறியீடு W ஆனது 'வொல்ஃப்ரம்' என்ற பெயரால்தான்.

43 வயதில் முடிந்த வாழ்க்கை

புதிய பொருள்களை நாக்கில் வைத்துச் சுவை பார்ப்பது ஷீலேவின் பழக்கம். ஆர்சனிக், பாதரசம் போன்ற நச்சுகளோடு பல ஆண்டுகள் புழங்கியதே அவர் உடலைக் கெடுத்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. கோப்பிங் என்ற சிற்றூரில் அவர் நடத்திய மருந்துக்கடை, முன்பு வேறொருவருடையது. படுத்த படுக்கையிலேயே அந்த முன்னாள் உரிமையாளரின் விதவையைத் திருமணம் செய்துகொண்டார். கடை அவருக்கே போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். இரண்டே நாளில், 1786 மே 21-ல் காலமானார்.

நம்ம நாட்டில் அவர் பெயர்

1821-ல் அந்த வெள்ளைக் கல்லுக்கு 'ஷீலைட்' என்று பெயர் சூட்டப்பட்டது. டங்ஸ்டன் தரும் முக்கியக் கனிமங்களில் ஒன்று அது. மலேசியாவிலும் கிடைத்தது: 1930களில் பேராவின் ஈப்போ அருகே கிராமாட் பூலாயில், ஈயம் தோண்டிய வட்டாரத்திலேயே ஷீலைட்டும் தோண்டி எடுக்கப்பட்டது. சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் வெறும் வெளிர் கல்தான். புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும்.