வேலை கிடைக்காத பாரிஸ்டர்

காந்தியடிகளின் தண்டி யாத்திரையை அறியாத வாலிபர் நம் சங்கத்தில் இலர். ஆயினும், அவர் 75 ரூபா சம்பளத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குச் சென்று, வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்ட கதையை நம்மிற் பலர் அறியோம். லயத்து விளக்கொளியிற் படித்து, சான்றிதழ்களைச் சுமந்துகொண்டு கொழும்புக்கும் கண்டிக்கும் போய் வெறுங்கையோடு மலையேறித் திரும்பும் நம் சகோதரர்களை எண்ணியே அதனை இங்கு எழுதத் துணிந்தோம்.

1869 அக்டோபர் 2ஆம் திகதி போர்பந்தரிற் பிறந்த மோகன்தாஸ், 1888இல் இலண்டன் சென்று, 1891 ஜூனில் பாரிஸ்டராகித் திரும்பினார். கரையிறங்கியதும் அவர் கேட்ட செய்தி, அன்னையார் காலமாகிவிட்டார் என்பது. தமையனாரோ, தம்பியின் சம்பாத்தியத்தை நம்பி வீட்டுச் செலவை முன்கூட்டியே பெருக்கி வைத்திருந்தார். படித்த பிள்ளையின் தோளில் ஒரு குடும்பமே ஏறி அமர்வதை நாமும் அறிவோம் அல்லவா?

பம்பாயில் தொழில் தொடங்கினார். தரகருக்குக் கொமிஷன் கொடுக்க மறுத்தார். முதல் வழக்குக்குக் கூலி 30 ரூபா. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் நாவில் எழவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியேறினார்.

அப்பொழுதுதான் பத்திரிகையில் அந்த விளம்பரத்தைக் கண்டார். பெயர்பெற்ற உயர்தரப் பாடசாலையொன்றுக்கு ஆங்கில ஆசிரியர் தேவை. நாளுக்கு ஒரு மணி நேரம். சம்பளம் 75 ரூபா. விண்ணப்பித்தார், நேரில் அழைக்கப்பட்டார். மிக்க நம்பிக்கையோடு சென்றார். அவர் பி. ஏ. பட்டதாரியல்லர் என்று தெரிந்ததும் தலைமையாசிரியர் வருத்தத்தோடு மறுத்துவிட்டார். லத்தீனோடு இலண்டன் மெற்றிக்குலேஷன் தேறியவன் என்று இவர் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அந்த லத்தீனில் முதன்முறை தவறி மறுமுறை எழுதித் தேறியவர் அவர். நீதிமன்றத்தில் வழக்காட உரிமை பெற்றவர் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தகாதவரா என்று நமக்குக் கோபம் வருகிறது. எனினும் தலைமையாசிரியரைக் குறை கூற மாட்டோம், விதி அவ்வாறிருந்தது. காந்தியடிகளும் அவரைத் தூற்றவில்லை. தாம் மனமுடைந்து போனதையும் தமது சத்திய சோதனையில் மறைக்கவில்லை.

பிறகு என்ன செய்தார்? பெரிதாக ஒன்றுமில்லை. ஏறக்குறைய ஆறு மாதத்தில் பம்பாய்க் குடித்தனத்தைக் கலைத்து ராஜ்கோட் திரும்பினார். பேச நா எழாதவர், எழுதத் தெரிந்ததை வைத்துப் பிறருக்கு மனுக்கள் எழுதிக்கொடுத்தார். மாதம் சுமார் 300 ரூபா கிடைத்தது. கொமிஷன் கொடாத விரதத்தை அங்கே சற்றுத் தளர்த்த நேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகான் என்பதற்காக அதை விட்டுவிடுவது நியாயமன்று.

1893இல் தென்னாபிரிக்காவில் வியாபாரஞ் செய்த தாதா அப்துல்லா கம்பெனி, ஓராண்டு வேலைக்கு 105 பவுண் தருவதாக அழைத்தது. பாரிஸ்டர் வேலையன்று, ஏறக்குறைய ஊழியர் வேலையே என்பதை அறிந்தே கப்பலேறினார். வழக்கு முழுவதும் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. இவருக்கோ கணக்குத் தெரியாது. கணக்குப் பதிவு நூலொன்றை வாங்கிப் பாடசாலைப் பிள்ளை போல் உட்கார்ந்து படித்தார். வழக்கின் நுணுக்கங்கள் விளங்கின. ஈற்றில் இரு தரப்பும் சமாதானமாயின.

1894இல் டர்பனில் அவரது அலுவலகத்து வாயிலில் ஒரு தமிழர் வந்து நின்றார். பாலசுந்தரம் என்பது பெயர், ஒப்பந்தக் கூலி. துரை அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வடிய, தலைப்பாகையைக் கையிற் பிடித்து நின்றார். காந்தியடிகள் முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். வைத்தியரின் அத்தாட்சி பெற்று, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்று, அவரை வேறொரு துரையிடம் மாற்றிக் கொடுத்தார். செய்தி கூலி லயங்களெங்கும் பரவிற்று.

நம் முன்னோர் இம்மலைகளுக்கு வந்ததும் பாலசுந்தரம் பிறந்த அதே தமிழகத்திலிருந்துதான். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கை வந்தார். கதருக்கு நிதி சேர்த்துக்கொண்டு கண்டி, பதுளை வழியே ஹட்டனுக்கும் வந்து, தோட்டத் தொழிலாளர் கூட்டத்தின் முன் நின்று, குடியை விடும்படி கேட்டுக்கொண்டார்.