11 ஆண்டுகள் வெறுமையாக இருந்த ஆசனம்

1850 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் பொதுமக்கள் சபை ஒரு விசித்திரமான காட்சியைக் கண்டது. லண்டன் மாநகர வாக்காளர்களால் மூன்றாண்டுகளுக்குள் இரு தடவைகள் தெரிவு செய்யப்பட்டிருந்த 41 வயது வங்கியாளர் ஒருவர் சபாபீடத்தின் முன்னே வந்து நின்று, பழைய ஏற்பாட்டின் மீதே தாம் சத்தியம் செய்ய விரும்புவதாகக் கூறினார். விவாதத்தின் பின்னர் சபை இணங்கியது. முதலிரு பிரமாணங்களையும் அவர் தடங்கலின்றி எடுத்தார். மூன்றாவது பிரமாணத்தின் இறுதியில், ஒரு கிறிஸ்தவனின் மெய்யான விசுவாசத்தின் மீது ஆணையிடுவதாகப் பொருள்படும் சொற்கள் இருந்தன. அவை தமது மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தாதவை எனத் தெரிவித்து, அவற்றை மட்டும் விட்டுவிட்டார். சபாநாயகர் அவரை வெளியேறுமாறு பணித்தார். அவரும் மறுபேச்சின்றி வெளியேறினார்.

அவர் பெயர் லயனல் டி ரொத்சைல்ட். இங்கிலாந்து யூதர்களின் வரலாற்றில் செல்வத்துக்காகவன்றி, அந்தச் சில சொற்களைச் சொல்ல மறுத்தமைக்காகவே நினைக்கப்பட வேண்டியவர்.

அன்றைய ஆங்கிலச் சமூகத்தில் யூதர்களின் இருப்பு விநோதமானது. 1290 ஆம் ஆண்டில் முதலாம் எட்வேர்ட் மன்னர் அவர்களை நாட்டைவிட்டே துரத்தினார். மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1656 இல், ஒலிவர் குரோம்வெல்லின் ஆட்சியிலேதான் அவர்கள் லண்டனில் வெளிப்படையாக வழிபடவும் தமது இறந்தோரை அடக்கம் செய்யவும் வழி பிறந்தது. வெளிநாட்டில் பிறந்த யூதர்கள் பிரஜாவுரிமை பெறுவதை இலகுவாக்கி 1753 இல் நிறைவேற்றப்பட்ட சட்டம், தெருக்களில் எழுந்த கூச்சலுக்கு அஞ்சி அதே ஆண்டிலேயே நீக்கப்பட்டது. அவர்கள் வியாபாரம் செய்யலாம், வரி செலுத்தலாம், அரசுக்குக் கடனும் கொடுக்கலாம். ஆனால் அரசாளும் சபையில் அமரலாகாது.

லயனல் 1808 நவம்பர் 22 ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தையார் நேதன், ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர யூதர் சேரியிலிருந்து இங்கிலாந்து வந்து, முதலில் மான்செஸ்டரில் துணி வணிகம் செய்து, பின்னர் ஐரோப்பாவின் மிகப்பெரும் வங்கிகளுள் ஒன்றை லண்டனில் கட்டியெழுப்பியவர். எனினும், அவருடைய மகனுக்கு ஒக்ஸ்போர்டின் கதவு திறக்கவில்லை. அங்கு அனுமதி பெறவே ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டியிருந்தது. லயனல் ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1836 இல் தந்தையார் காலமானதும் வங்கியின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது.

1847 ஜனவரியில், அயர்லாந்தில் பஞ்சத்தால் மக்கள் மடிந்துகொண்டிருந்த வேளை, பிரித்தானிய நிவாரணச் சங்கம் தொடங்கப்பட்டது அவரது வங்கி அலுவலகத்திலேயாகும். அச்சங்கம் திரட்டிய நிதி ஏறத்தாழ 4 இலட்சத்து 70 ஆயிரம் பவுண். அதே ஆண்டின் பொதுத்தேர்தலில் லண்டன் மாநகரத் தொகுதியின் நான்கு ஆசனங்களுள் ஒன்றை அவர் வென்றார். உடன் வென்றவர்களுள் ஒருவர் பிரதமர் ஜோன் ரசல் பிரபு. வாக்காளர்களில் மிகப் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். தாம் தெரிவு செய்யும் மனிதர் அந்தப் பிரமாணத்தை எடுக்க மாட்டார் என்பதை அறிந்தே அவர்கள் வாக்களித்தனர். சிறுபான்மையொன்றின் உரிமைக்கான போராட்டத்தைப் பெரும்பான்மையினரின் வாக்குகளே சுமந்து சென்றமை இவ்வரலாற்றில் அழுத்திச் சொல்லப்பட வேண்டியது.

ரசல் பிரபு உடனடியாகச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். பொதுமக்கள் சபை ஏற்றது. பிரபுக்கள் சபை நிராகரித்தது. சுவாமி வரங்கொடுத்தும் பூசாரி இடங்கொடாத கதைதான். 1849 இல் லயனல் பதவி விலகி மக்களிடமே திரும்பிச் சென்றார். இடைத்தேர்தலில் எதிர்த்து நின்ற பிரபு குடும்பத்தவரைவிட இரு மடங்குக்கும் அதிகமான வாக்குகள் கிடைத்தன. 1852 இலும், 1857 இல் இரு தடவைகளும் அவர் மீண்டும் தெரிவானார். ஐந்து வெற்றிகள், ஆசனமோ வெறுமையாகவே கிடந்தது.

வேறு வழிகள் அவருக்கு இல்லாமலில்லை. பெஞ்சமின் டிஸ்ரேலி யூதராகப் பிறந்தவர். 12 ஆவது வயதில் ஞானஸ்நானம் பெற்றவர். அதனால் 1837 இலேயே பாராளுமன்றம் புகுந்து, பின்னர் பிரதமராகவும் உயர முடிந்தது. லயனலின் நண்பரான அவர், தமது கட்சியினரின் சினத்தைப் பொருட்படுத்தாது 1847 இல் யூதர்களுக்காகப் பேசியதையும் சொல்லியாக வேண்டும். டேவிட் சலமன்ஸ் என்ற மற்றொரு யூதர் வேறொரு வழியைக் கைக்கொண்டார். 1851 இல் கிறீனிச் தொகுதியில் வென்ற அவர், அச்சொற்களைத் தவிர்த்துப் பிரமாணம் செய்துவிட்டுத் துணிந்து ஆசனத்தில் அமர்ந்து, மூன்று வாக்கெடுப்புகளிலும் பங்குபற்றினார். அதற்காக நீதிமன்றம் அவருக்கு 500 பவுண் தண்டம் விதித்தது. மதம் மாறவும் மாறாமல், சட்டத்தை மீறவும் செய்யாமல், தேர்தலுக்குத் தேர்தல் வந்து நின்றார் லயனல். மூன்றினுள் மிகவும் சலிப்பூட்டும் வழி இதுவே.

அச்சொற்கள் யூதர்களை மனதிற்கொண்டு எழுதப்பட்டவையுமல்ல. கத்தோலிக்கர்களைப் பிணிப்பதற்காக 17 ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டவை அவை. கத்தோலிக்கர்கள் 1829 இல் தமது உரிமையைப் பெற்றுவிட்டனர். அவர்களுக்காக விரித்த வலையில் யூதர்கள் சிக்கிக் கிடந்தனர். பிரமாணமொன்றின் சில வரிகளால் மக்கள் பிரதிநிதிகள் ஆசனமிழப்பது எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1983 ஆகஸ்டில் 6 ஆவது திருத்தத்தின் பிரமாணத்தை எடுக்க மறுத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். இரண்டும் ஒரே விடயமல்ல. ஒன்று மதம் பற்றியது, மற்றையது நாட்டின் அமைப்புப் பற்றியது.

லண்டனின் கிழக்குப் புறத்தில் பழைய துணிகளும் தோடம்பழமும் கூவி விற்ற ஏழை யூதர்களுக்கு இந்த ஆசனத்தில் பெரிய அக்கறை இருக்கவில்லை என்று அக்காலத்தில் லண்டன் ஏழைகளின் வாழ்வை ஆராய்ந்த ஹென்றி மேஹ்யூ பதிவு செய்திருக்கிறார். அதில் வியப்பில்லை. பிரபுக்களுடன் உணவருந்திய செல்வந்தருக்கே ஆசனமும் அந்தஸ்தும் கவலை. தெருவியாபாரிக்கு அன்றைய பாண் கவலை. ஆயினும், நாட்டின் சட்டமே ஒரு சாராரைக் குறைந்தவர்கள் எனச் சொல்லும்போது, அதன் நிழல் தெருவியாபாரியின் மீதும் விழாமலிருப்பதில்லை.

1858 இல் முடிச்சு அவிழத் தொடங்கியது. பிரபுக்கள் சபையின் திருத்தங்களை ஏன் ஏற்கவியலாது என்பதற்கான காரணங்களை வரைவதற்கு அமைக்கப்பட்ட குழுவில், ஆசனத்தில் அமர முடியாத லயனலையே பொதுமக்கள் சபை ஓர் உறுப்பினராக நியமித்தது. அதைவிடக் கூர்மையான பதிலை அச்சபை அளித்திருக்க முடியாது. இறுதியில் லூக்கன் பிரபு ஓர் இணக்க வழியை முன்வைத்தார். ஒவ்வொரு சபையும் யூத உறுப்பினருக்கான பிரமாணத்தைத் தனது தீர்மானத்தின் மூலம் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அது. பிரபுக்கள் தமது வாசலை மூடியே வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலைத் திறந்துவிட்டனர். ஜூலை 26 ஆம் திகதி லயனல் தொப்பியணிந்த தலையுடன், பழைய ஏற்பாட்டின் மீது ஆணையிட்டு, தமது ஆசனத்தில் அமர்ந்தார்.

அதன் பின்னர் 1868 வரையிலும், மீண்டும் 1869 முதல் 1874 வரையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். அத்தனை ஆண்டுகளில் அச்சபையில் அவர் ஒரு தடவையேனும் உரையாற்றியதில்லை.

அவரை மகானாக்குவது எமது நோக்கமல்ல. தந்தையாரின் வங்கி 1835 இல் திரட்டிக் கொடுத்த 15 மில்லியன் பவுண் கடன், விடுதலை பெற்ற அடிமைகளுக்கன்றி அவர்களுடைய எசமானர்களுக்கு நட்டஈடாகச் சென்றது. லயனலும் சாம்ராச்சியத்தின் வங்கியாளரே. 1875 இல் எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயில் கடன் சுமையால் விற்ற சுயஸ் கால்வாய்ப் பங்குகளை வாங்க, டிஸ்ரேலிக்கு ஏறத்தாழ 4 மில்லியன் பவுணை உடனடியாகக் கொடுத்தவர் அவர்தான். ஏழாண்டுகளில் பிரித்தானியப் படைகள் எகிப்தினுள் நுழைந்தன.

ரொத்சைல்ட் என்ற பெயர் எமது முஸ்லிம் வாசகர்களுக்கு 1917 நவம்பர் 2 ஆம் திகதிய பல்போர் பிரகடனத்தையே நினைவூட்டும். அக்கடிதம் லயனலின் பேரன் வோல்ட்டருக்கு எழுதப்பட்டது. அப்போது லயனல் இறந்து 38 ஆண்டுகள் கடந்திருந்தன. அப்பிரகடனத்தை அரசாங்கத்தினுள் மிகக் கடுமையாக எதிர்த்தவரும் ஒரு யூதரே. இந்திய விவகார அமைச்சராயிருந்த எட்வின் மொன்டேகு, பலஸ்தீனம் யூதரின் தாயகமென அறிவிக்கப்பட்டால், பிறந்த நாட்டிலேயே யூதர்கள் அந்நியராகக் கருதப்படுவர் என அஞ்சினார். ஒரு குடும்பத்தையோ ஒரு வங்கியையோ பற்றிய கோபத்தை ஒரு சமூகம் முழுவதன் மீதும் ஏற்றுகின்ற கட்டுக்கதைகளுக்கு எம்மிடையேயும் வாசகர்கள் உண்டு என்பதாலேயே இதனைக் குறிப்பிட நேர்ந்தது.

லயனலைப் பிரபுவாக்குமாறு 1869 இல் பிரதமர் கிளாட்ஸ்டன் பரிந்துரைத்தார். யூதர் ஒருவரைப் பிரபுவாக்க விக்டோரியா மகாராணி இணங்கவில்லை. பிற்காலத்தில் மூட்டுவாதம் அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தியது. 1879 மே மாத இறுதியில் அவரது குதிரை டேர்பி பந்தயத்தில் முதலிடம் பெற்றது. அக்டன் என்ற புனைபெயரிலேயே அதை ஓடவிட்டிருந்தார். சில நாட்களில், ஜூன் 3 ஆம் திகதி, தமது 70 ஆவது வயதில் காலமானார். லண்டனின் வில்ஸ்டன் யூத மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆறாண்டுகள் கழித்து, 1885 இல், அதே விக்டோரியா மகாராணி லயனலின் மூத்த மகன் நதேனியலைப் பிரபுவாக்கினார். தந்தையின் சட்டமூலங்களை மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பிய அந்தச் சபையில், மகனும் தலையை மூடியபடியே பிரமாணம் எடுத்தார்.