முற்றுகைக்குள் வாங்கின நிலம்



எங்க வாடிப்பட்டிச் சபை சகோதரர் ஒருவர், கிணறு வத்திப்போச்சு, இருக்கிற நிலத்தை வித்துடலாமா என்று கலங்கி வந்தார். சேர்ந்து ஜெபிக்கையில் எரேமியாவின் ஜீவியம் என் நினைவுக்கு வந்தது. அதையே அவருக்குச் சொன்னேன்.

எரேமியா எருசலேமுக்குப் பக்கத்திலுள்ள ஆனதோத் ஊரில் ஆசாரியன் இல்க்கியாவின் மகன். கி.மு. 627 வாக்கில், யோசியா ராஜாவின் 13ஆம் வருஷத்தில், சிறுவயதிலேயே அழைக்கப்பட்டார். தேவன் நட்ட நல்ல திராட்சை காட்டுக்கொடியாய்ப் போச்சே என்று 40 வருஷம் கண்ணீரோடு பிரசங்கித்தார். கலியாணம் இல்லை. சொந்த ஊராரே கொல்லப் பார்த்தார்கள். யோயாக்கீம் ராஜா அவருடைய சுருளை அறுத்து நெருப்பில் போட்டான். உளையான துரவுக்குள்ளும் இறக்கப்பட்டார். எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன் பழந்துணி கொடுத்துத் தூக்கிவிட்டான்.

கி.மு. 587 வாக்கில் கல்தேயர் எருசலேமை வளைத்திருந்தார்கள். எரேமியா காவலில் இருந்தார். அப்போது பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்து நிலத்தை வாங்கிக்கச் சொன்னான். தேசமே பறிபோகிற நேரத்தில் யாராவது நிலம் வாங்குவாங்களா? எரேமியா கர்த்தருடைய வார்த்தையின்படி 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, பத்திரம் எழுதினார். பாருக் அதை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினான். எழுதி முடிச்ச பிறகு எரேமியாவுக்கே திகைப்புதான். ஜெபத்தில் அதைக் கர்த்தரிடமே கேட்டார். வயலும் திராட்சத்தோட்டமும் அங்கே திரும்பவும் கிரயமாகும் என்பதே வாக்குத்தத்தம் (எரேமியா 32).

நகரம் விழுந்தது. எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு கொடி நட்டதாகக்கூட வேதத்தில் இல்லை. ஆனால் கி.மு. 538இல் கோரேஸ் ராஜா கட்டளையிட்டபின் திரும்பி வந்தவர்களின் கணக்கைப் பாருங்கள் (எஸ்றா 2:23). ஆனதோத்து ஊரார் 128 பேர்! வாங்கினவர் பார்க்கவில்லை, அவர் ஊர்ப்பிள்ளைகள் பார்த்தார்கள்.

கம்பம் பக்கத்துத் திராட்சைப் பந்தலைக் கவாத்து பண்ணினதும் பாருங்கள். இலையில்லாமல் செத்த கொடி மாதிரி நிற்கும். விவசாயி அதை வெட்டி எறிவதில்லை, துளிருக்காகக் காத்திருப்பான்.

விற்கணுமா வேண்டாமா என்று அந்தச் சகோதரருக்கு நான் தீர்ப்பு சொல்லவில்லை. பயத்தில் எதையும் முடிவு பண்ணாதீங்க என்று மட்டும் சொன்னேன். தேவபிள்ளையே, உன் கண் பார்க்காமல் போனாலும் அவர் வார்த்தை தரையில் விழாது. ஆமென்.